பழைய லேப்டாப்பை எப்போது மாற்றுவது, கோப்புகளை எங்கே வைப்பது?

2025 தீபாவளிக்குத் தஞ்சாவூரில் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். பலகாரம் சாப்பிட்டு முடிப்பதற்குள் சித்தப்பா லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"ஏம்ப்பா, இதைக் குடுத்துட்டுப் புதுசு வாங்கிடலாமா? ஆன் பண்ணி வச்சிட்டுக் காபி குடிச்சிட்டு வந்தாலும் சுத்திக்கிட்டே இருக்கு. இப்ப இடமும் இல்லைங்குது."

"வாங்கலாம் சித்தப்பா. மொதல்ல உள்ள என்னென்ன இருக்குன்னு பார்த்துருவோம்."

அவர் கேட்டது ஒரு கேள்வி போலத் தெரிந்தாலும் அதற்குள் இரண்டு கேள்விகள் இருந்தன. இயந்திரம் மெதுவாக இருக்கிறது என்பது ஒன்று. கோப்புகளுக்கு இடம் போதவில்லை என்பது இன்னொன்று. பெரும்பாலானவர்கள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். படங்கள் வைக்க இடமில்லை என்று அறுபதாயிரம் கொடுத்துப் புது லேப்டாப் வாங்குகிறவர்கள் உண்டு. படங்கள் போய்விடுமோ என்ற பயத்திலேயே பழைய இயந்திரத்தைப் பிரிய மனமில்லாமல் வைத்துக்கொண்டு, ஒருநாள் அது திடீரென நின்றுபோகும்போது எல்லாவற்றையும் இழக்கிறவர்களும் உண்டு. கோப்புகளைப் பத்திரப்படுத்தி முடித்துவிட்டால், லேப்டாப்பை மாற்றலாமா என்ற முடிவைப் பதற்றமில்லாமல் எடுக்கலாம். ஆனால் கேள்வி பிறப்பது வேகத்தில் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

மேடையும் பரணும்

சமையலறையை நினைத்துக்கொள்ளுங்கள். சமைக்கிறவர்தான் பிராசசர். கைக்கெட்டும் மேடை ரேம். பாத்திரம் பண்டமெல்லாம் ஏற்றி வைத்திருக்கும் பரண் ஹார்ட் டிஸ்க். மேடை சிறியதாக இருந்தால், ஒன்றை எடுக்க இன்னொன்றைப் பரணில் ஏற்றிவிட்டுத்தான் இறங்க வேண்டும். பிரவுசரில் பத்துப் பக்கங்களைத் திறந்து வைத்திருக்கும்போது 4 ஜிபி ரேம் உள்ள லேப்டாப் திணறுவது இதனால்தான். ரேமில் இடமில்லாதவற்றை விண்டோஸ் டிஸ்க்கில் எழுதுகிறது, தேவைப்படும்போது திரும்ப எடுக்கிறது. சமைப்பவர் எவ்வளவு கைவேகம் உள்ளவராக இருந்தாலும் பாதிப் பொழுது ஏணியில் போகிறது.

அந்த ஏணியும் மெதுவானது என்றால் இன்னும் மோசம். பழைய லேப்டாப்புகளில் இருக்கும் ஹார்ட் டிஸ்க்குக்குள் காந்தப் பூச்சுள்ள தட்டு ஒன்று பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 முறை சுற்றுகிறது. அதாவது நொடிக்கு 90 சுற்று, ஒரு சுற்றுக்கு 11 மில்லி நொடி. வேண்டிய தகவல் படிக்கும் முனைக்குக் கீழே வர சராசரியாக அரைச் சுற்றுக் காத்திருக்க வேண்டும். முனை சரியான வளையத்துக்கு நகர இன்னும் பத்து மில்லி நொடி போல ஆகும். ஆக, அங்கங்கே சிதறிக் கிடக்கும் துண்டுகளை எடுப்பதென்றால் நொடிக்கு அறுபது, எழுபது துண்டுகளுக்கு மேல் முடியாது. விண்டோஸ் தொடங்கும்போது இப்படிப்பட்ட சின்னச் சின்னத் துண்டுகளை ஆயிரக்கணக்கில் படிக்க வேண்டியிருக்கிறது. சித்தப்பாவின் காபி நேரம் முழுவதும் அதில்தான் போகிறது.

ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக இப்போது வரும் எஸ்எஸ்டி என்ற சேமிப்புச் சாதனத்தில் சுற்றும் பாகமே கிடையாது. ஃப்ளாஷ் சிப்பில் மின்னூட்டமாகத் தகவல் இருக்கிறது. எந்த மூலையில் இருந்தாலும் மில்லி நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் எடுத்துவிடலாம். ஃப்ளாஷ் நினைவகத்தை 1980களில் தோஷிபா நிறுவனத்தில் உருவாக்கியவர் ஃபுஜியோ மசுவோகா. இன்று நம் போனிலும் பென் டிரைவிலும் இருப்பது அந்த வகைதான். ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டவுடன் பழைய லேப்டாப் புதுசு போல ஓடுவதைப் பார்த்து நம்ப முடியாமல் நின்றவர்கள் பலரை எனக்குத் தெரியும். அதில் மாயம் ஏதும் இல்லை. சமைப்பவர் முன்பும் திறமைசாலிதான், ஏணியைத்தான் மாற்றியிருக்கிறோம்.

உங்கள் லேப்டாப்பில் எங்கே அடைப்பு என்று கண்டுபிடிக்கச் சர்வீஸ் கடைக்குப் போக வேண்டாம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். லேப்டாப் திணறிக்கொண்டிருக்கும் நேரத்திலேயே அதைத் திறந்து பாருங்கள். டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கிறது, சிபியு, அதாவது பிராசசர், பத்து இருபதில் இருக்கிறது என்றால் குற்றம் டிஸ்க்கினுடையது. மெமரி தொண்ணூறைத் தாண்டியே இருந்தால் ரேம் போதவில்லை. சிபியுவே 100-இல் நின்று, மின்விசிறி இரைந்து, அடிப்பக்கம் தொட முடியாமல் சுட்டால் முதலில் உள்ளே சேர்ந்த தூசியைச் சந்தேகியுங்கள். சூடு அளவு மீறும்போது பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மின்விசிறியைச் சுத்தம் செய்து, பிராசசரின் சூட்டை வெளியே கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்துபோயிருந்தால் அதை மாற்றினாலே சரியாகிவிடும் லேப்டாப்புகள் நிறைய.

சித்தப்பாவுடையது 2017-இல் வாங்கியது. இன்டெல் ஏழாம் தலைமுறை ஐ3 பிராசசர், 4 ஜிபி ரேம், 1 டிபி (அதாவது ஆயிரம் ஜிபி) ஹார்ட் டிஸ்க். டிஸ்க்கும் மெமரியும் இரண்டுமே உச்சியில் நின்றன. பிராசசர் சும்மா இருந்தது.

எப்போது உண்மையிலேயே மாற்ற வேண்டும்

வேகக் குறைவை மட்டும் வைத்து லேப்டாப்பை மாற்றாதீர்கள். மாற்றத்தான் வேண்டும் என்று நான் சொல்லும் காரணங்கள் வேறு.

முதலாவது, பாதுகாப்பு அப்டேட். விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டது. வீட்டுக் கணினிகளுக்கான நீட்டிப்புத் திட்டத்தையும் 2026 அக்டோபர் வரை என்றே அறிவித்தார்கள். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும். இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். அதனால் நன்றாக வேலை செய்யும் லட்சக்கணக்கான லேப்டாப்புகள் வாசலிலேயே நிறுத்தப்பட்டன. பாதுகாப்பு அப்டேட் வராத கணினியில் வங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள். அதற்காக உடனே தூக்கிப் போடவும் வேண்டாம். பிரவுசர், கடிதம், பாட்டு, படம் இவ்வளவுதான் உபயோகம் என்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளம் ஒன்றை நிறுவி இன்னும் சில ஆண்டுகள் ஓட்டலாம். தமிழ்99 விசைப்பலகையும் அதில் கிடைக்கும். தமிழ்நாட்டு அரசு 2011-இல் கொடுக்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகள் பல வீடுகளில் இன்றும் அலமாரி மேல் கிடக்கின்றன. அவற்றில் சில இப்படி மறுபிறவி எடுத்து, பிள்ளைகள் தட்டச்சு பழகுவதற்கு உதவுவதை நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது, உங்கள் வேலை மாறியிருந்தால். கடிதம் அடித்தவர் வீடியோ எடிட் செய்யத் தொடங்கினால், கல்லூரியில் சேர்ந்த பெண் முப்பரிமாண வரைபடம் போடத் தொடங்கினால், எஸ்எஸ்டி மாற்றிப் பயனில்லை. கிராபிக்ஸ் சிப்பும் பிராசசரும் பெரும்பாலான லேப்டாப்புகளில் மாற்றக்கூடியவை அல்ல.

மூன்றாவது, ரேமை மதர்போர்டு என்ற முதன்மைப் பலகையிலேயே பற்றவைத்திருந்தால். மெல்லிய லேப்டாப்புகளில் இது இப்போது சகஜம். வாங்கும்போது 4 ஜிபி என்றால் ஆயுள் முழுக்க 4 ஜிபிதான்.

நான்காவது, ரிப்பேர் செலவு. என் கணக்கு எளிமையானது: அதே வேலைக்குப் போதுமான புது லேப்டாப்பின் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் ரிப்பேருக்குப் போகமாட்டேன். கீல் உடைந்தது, பேட்டரி நிற்கவில்லை, திரையில் கோடு, இவற்றில் ஒன்று மட்டுமென்றால் சரிசெய்யலாம். மூன்றும் சேர்ந்து வந்தால் விட்டுவிடுங்கள்.

பேட்டரியில் ஒன்றை மட்டும் தள்ளிப் போடவே கூடாது. டச்பேட் மேலெழும்பினாலோ அடிமூடி புடைத்தாலோ பேட்டரி உப்பியிருக்கிறது என்று அர்த்தம். அப்போதே அணைத்து, சார்ஜரைப் பிடுங்கிவிட்டுக் கடைக்குக் கொண்டு போங்கள். அழுத்தவோ குத்தவோ வேண்டாம், தீப்பிடிக்கும்.

சித்தப்பாவின் லேப்டாப்பில் இவற்றில் விண்டோஸ் பிரச்சினை மட்டும்தான் இருந்தது. 500 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றும் 8 ஜிபி ரேம் ஒன்றும் வாங்கிப் போட்டோம். 2026 அக்டோபர் வரை நீட்டிப்பில் விண்டோஸ் 10, அதன்பின் லினக்ஸ் என்று பேசி முடித்தோம். எஸ்எஸ்டி சீக்கிரம் தேய்ந்துவிடும் என்று கடையில் யாரோ அவரைப் பயமுறுத்தியிருந்தார்கள். 500 ஜிபி எஸ்எஸ்டிகளில் நல்லவற்றுக்கு 300 டிபி எழுதும்வரை உத்தரவாதம் உண்டு. தினமும் 20 ஜிபி எழுதினாலும் அதைத் தொட நாற்பது ஆண்டுகள் ஆகும் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன்.

ரேம் விலை மட்டும் ஏறிக்கொண்டிருந்தது. ஏஐ தரவு மையங்கள் நினைவக சிப்புகளை வாரிக்கொண்டு போவதால் 2025 இறுதியில் விலை கடுமையாக உயர்ந்தது. க்ரூசியல் என்ற பெயரில் நமக்கெல்லாம் ரேமும் எஸ்எஸ்டியும் விற்றுவந்த மைக்ரான் நிறுவனம் அந்த வியாபாரத்தையே விட்டு விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. எனவே புது லேப்டாப் வாங்குவதாக இருந்தால், பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று 8 ஜிபியில் நிற்காமல் முடிந்தால் 16 ஜிபியாகவே வாங்குங்கள். டிஸ்க்குக்கு 512 ஜிபி பெரும்பாலான வீடுகளுக்குப் போதும். பழைய படங்களையெல்லாம் சுமப்பதற்காக 1 டிபிக்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். அவற்றின் இடம் வேறு.

கடைக்குப் போகுமுன் படியெடுங்கள்

எஸ்எஸ்டி மாற்றுவதற்கு முன் நாங்கள் ஒரு நாள் முழுக்கக் கோப்புகளோடு உட்கார்ந்தோம். சர்வீஸ் கடை ரசீதின் அடியில் சிறிய எழுத்தில் ஒரு வரி இருக்கும், "டேட்டா இழப்புக்கு நிர்வாகம் பொறுப்பல்ல" என்று. அதை அப்படியே நம்புங்கள். கல்லூரி நாட்களில் நான் கீபோர்டு மாற்றக் கொடுத்த லேப்டாப்பை ஒரு கடையில் ஃபார்மட் செய்தே திருப்பிக் கொடுத்தார்கள். மூன்று வருடப் படங்கள் போயின. அந்த வலி இன்னும் இருப்பதால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

சித்தப்பாவின் டிஸ்க் கிட்டத்தட்ட முழுக்க நிரம்பியிருந்தது. பிரித்துப் பார்த்தோம். நானூறு ஜிபிக்கு மேல் சினிமா. மீதியில் பழைய மென்பொருள், ஒரே படத்தின் நான்கைந்து நகல், வாட்ஸாப்பில் வந்த காலை வணக்கங்கள். போனால் திரும்ப வராதவை என்று ஒதுக்கியது 58 ஜிபி மட்டுமே. அதில்தான் தங்கையின் கல்யாணப் படங்கள், வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன், தாத்தா தன் சின்ன வயதில் பார்த்த காவிரி வெள்ளத்தைப் பற்றிப் பேசிய பதினோரு நிமிட ஒலிப்பதிவு எல்லாம் இருந்தன. தாத்தா இறந்து ஆறு வருடங்கள் ஆகின்றன. அந்தக் குரல் உலகத்தில் அந்த ஒரு டிஸ்க்கில் மட்டும்தான் இருந்தது. கோப்பின் அளவு பத்து எம்பிகூட இல்லை.

நீங்களும் இப்படிப் பிரித்துப் பாருங்கள். திரும்ப வராதவை, திரும்பப் பெறலாம் ஆனால் அலைய வேண்டியவை, மறுபடி டவுன்லோடு செய்துகொள்ளக்கூடியவை. முதல் இரண்டுக்கும் மட்டும் பேக்கப் போதும். "எல்லாத்தையும் எடுத்து வைக்கணும்" என்று நினைக்கும்போது மலைப்பாக இருக்கும் வேலை, 58 ஜிபி என்று தெரிந்ததும் ஒரு மதியத்தில் முடிந்துவிடும்.

எத்தனை நகல் வேண்டும் என்பதற்கு 3-2-1 என்று ஒரு கணக்கு இருக்கிறது. பீட்டர் க்ரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பரப்பியது. மொத்தம் 3 பிரதிகள், 2 வேறு வேறு வகைச் சாதனங்களில், அவற்றில் 1 வேறு இடத்தில். நம் வீடுகளுக்கு இதைப் பொருத்தினால், லேப்டாப்பில் ஒன்று, எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, வேறு ஊரில் அல்லது கிளவுட் என்ற இணையச் சேமிப்பகத்தில் ஒன்று.

வேறு இடம் எதற்கு என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் தரைத்தள வீடுகளில் லேப்டாப்பும் அதன் பேக்கப் டிஸ்க்கும் கல்யாண ஆல்பமும் ஒரே பீரோவில் ஒன்றாக நனைந்தன. திருடன் வந்தாலும் இரண்டையும் சேர்த்தே எடுத்துப் போவான். பெரிய இடங்களுக்கும் இதே விதிதான். 2025 செப்டம்பரில் தென்கொரியாவின் டேஜோன் நகரில் அரசாங்கத் தரவு மையம் ஒன்றில் லித்தியம் பேட்டரிகள் தீப்பிடித்தன. அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்துவந்த ஜி-டிரைவ் என்ற சேமிப்பகம் எரிந்தது. 858 டிபி தரவு. வெளியே வேறு நகல் இல்லை.

ஓலைச்சுவடிகளின் கதையும் இதுதான். ஏடு சிதையும் முன் இன்னொருவர் படியெடுத்த நூல்களே பிழைத்தன. உ.வே.சாமிநாதையர் ஒரே நூலுக்குப் பல ஊர்ப் பிரதிகளைத் தேடிச் சேர்த்து ஒப்பிட முடிந்தது, அவை பல ஊர்களில் பல வீடுகளில் இருந்ததால். ஒரே வீட்டில் ஒரே பிரதியாகத் தங்கியது கரையானுக்கும் தீக்கும் போயிற்று.

எதில் வைப்பது

வீட்டுப் பேக்கப்புக்கு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கையே நான் சொல்வேன். மெதுவானது என்று லேப்டாப்பிலிருந்து நாம் கழற்றிய அதே வகைதான். ஆனால் பெட்டியில் கிடக்கும் பொருளுக்கு வேகம் எதற்கு? எஸ்எஸ்டியிலும் பென் டிரைவிலும் தகவல் மின்னூட்டமாக இருப்பதால் மின்சாரம் இல்லாமல் நெடுநாள் கிடந்தால் மெல்லக் கசியும். முழுக்கத் தேய்ந்த எஸ்எஸ்டி 30 டிகிரி வெப்பத்தில் மின்சாரமின்றி ஓராண்டு தகவலைத் தாங்க வேண்டும் என்பதுதான் நினைவக சிப்புகளுக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பின் அளவு. புதியது அதைவிட அதிகம் தாங்கும். ஆனாலும் நம் ஊர் வெயிலில் மேஜை இழுப்பறைக்குள் மறந்துபோன பென் டிரைவை நம்பித் தாத்தாவின் குரலை ஒப்படைக்க மாட்டேன்.

ஹார்ட் டிஸ்க்குக்கு எதிரி கீழே விழுவது. ஓடும்போது தட்டினால்கூடப் போய்விடலாம். டிக் டிக் என்று சத்தம் வந்தால் உடனே நிறுத்திவிடுங்கள், திரும்பத் திரும்பச் செருகிப் பார்ப்பது மிச்சமிருப்பதையும் கெடுக்கும். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும். அதில் மஞ்சள் நிறம் வந்தால் அன்றே வேறு டிஸ்க்குக்கு மாற்றிவிட வேண்டும். எதுவும் வராவிட்டாலும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புது டிஸ்க் வாங்கிப் படியெடுத்துக்கொள்வது என் பழக்கம்.

1 டிபி வாங்கினால் விண்டோஸில் 931 ஜிபிதான் காட்டுகிறது, ஏமாற்றிவிட்டார்கள் என்று சிலர் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறார்கள். கம்பெனி ஆயிரத்தின் மடங்கில் எண்ணுகிறது, விண்டோஸ் 1024-இன் மடங்கில் எண்ணுகிறது. இரண்டும் ஒரே அளவுதான்.

பேக்கப் டிஸ்க்கை எப்போதும் லேப்டாப்பிலேயே செருகி வைக்காதீர்கள். 2017 மே மாதம் வானாக்ரை வைரஸ் உலகம் முழுவதும் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது நினைவிருக்கும். அந்த வகை வைரஸ்கள் செருகியிருக்கும் டிஸ்க்குகளையும் சேர்த்தே பூட்டிவிடும். நகல் எடுத்ததும் கழற்றிவிடுங்கள்.

கிளவுடைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது. கூகுள் போட்டோஸில் ஏறிவிட்டது, இனிக் கவலையில்லை என்பது. அது நகலைவிடக் கண்ணாடிக்கு நெருக்கம். போனில் அந்த ஆப்பிலிருந்தே ஒரு படத்தை நீக்கினால் கிளவுடிலும் நீங்கும். தெரியாமல் நீக்கியதைக் குப்பைத்தொட்டியிலிருந்து மீட்கச் சில வாரங்களே அவகாசம். இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபியை ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றும் பங்குபோட்டுக்கொள்கின்றன, நிரம்பினால் மின்னஞ்சலே வராது. இரண்டு ஆண்டுகள் யாரும் உள்ளே நுழையாத கணக்கை கூகுள் அழிக்கலாம். மூன்றாவது பிரதியாக கிளவுட் மிக நல்லது. ஒரே பிரதியாக அதை வைத்துக்கொள்ள வேண்டாம்.

இன்னொன்று, இதனால் அழுதவர்களைப் பார்த்ததால் சொல்கிறேன். புதிய விண்டோஸ் 11 லேப்டாப்புகள் பலவற்றில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்ததும் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டுவிடும். திருடன் கையில் போனாலும் படிக்க முடியாது என்பது நல்லதுதான். ஆனால் மதர்போர்டு பழுதாகி டிஸ்க்கைக் கழற்றி வேறொன்றில் போட்டால் 48 இலக்க மீட்பு எண் கேட்கும். அது இல்லையென்றால் உங்கள் கோப்புகளை உங்களாலேயே திறக்க முடியாது. உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்த எண் இருக்கிறதா என்று இன்றே பார்த்து, ஒரு தாளில் எழுதிப் பத்திரங்களோடு வைத்துவிடுங்கள்.

சித்தப்பா வீட்டு ஏற்பாடு இப்போது இப்படி இருக்கிறது. 58 ஜிபி புது எஸ்எஸ்டியிலும், புதிதாக வாங்கிய எக்ஸ்டர்னல் டிஸ்க்கிலும் இருக்கிறது. கழற்றிய பழைய டிஸ்க்கை ஒரு யூஎஸ்பி கேஸிங்கில் போட்டோம், கடையில் அந்தப் பெயரில் கேட்டாலே தருவார்கள். அதில் சினிமாக்கள் மட்டும் இருக்கின்றன. எட்டு வயதான டிஸ்க்கிடம் அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. இன்னொரு நகலை நான் சென்னைக்குக் கொண்டுவந்தேன், மூன்றாவது மாடியில் இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை ஆயுத பூஜைக்கு நான் தஞ்சாவூர் போகும்போது இரண்டு டிஸ்க்குகளையும் சேர்த்து வைத்துப் புதிதாகச் சேர்ந்தவற்றை ஏற்றுவது என்று முடிவு செய்திருக்கிறோம். பொட்டு வைப்பதற்கு முன் ஒவ்வொரு டிஸ்க்கிலும் ஏதாவது பத்துக் கோப்புகளைத் திறந்து பார்க்க வேண்டும் என்பது சித்தப்பா சேர்த்த நிபந்தனை. முதலில் திறக்க வேண்டியது தாத்தாவின் ஒலிப்பதிவு, பதினோரு நிமிடமும் முழுக்கக் கேட்க வேண்டும் என்றார் சித்தி.